மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பூசு

பயப்பட வேண்டாம், இதில் யாரும் சாகவில்லை. யாராவது செத்திருந்தால் ஒன்றிரண்டு பேருக்காவது வெட்கம் வந்திருக்கும். சாகாமல் தப்பியதுதான் எல்லோருக்கும் வசதியாகப் போய்விட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் இதை 'அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போன சமயம்' என்றுதான் சொல்வார்கள். என்னவோ காற்றில் பறந்து வந்த காய்ச்சல் மாதிரி.

எங்கள் தோட்டம் இலங்கையில், யட்டியாந்தோட்டைக்கு மேலே. மேட்டில் தேயிலை, பள்ளத்தில் ரப்பர். அம்மாவும் அக்காவும் பால்வெட்டுக்குப் போனார்கள். விடிவதற்குள் கத்தியோடும் வாளியோடும் மரங்களுக்குள் நுழைந்தால், வெயில் ஏறும்போது பாலைச் சேர்த்துச் சுமந்துகொண்டு வருவார்கள். அப்பா ஸ்டோரில், அதாவது ரப்பர் பாலைத் தகடாக்கும் தொழிற்சாலையில், வேலை செய்தார். நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். இருந்தேன் என்றால் பெயர் அங்கே இருந்தது. ஆள் பெரும்பாலும் ஆற்றங்கரையில், கிராமத்துச் சிங்களப் பையன்களோடு. பள்ளிக்கூடத்தில் தமிழ் அரைகுறை, ஆற்றங்கரையில் சிங்களம் முழுசு. என் மொத்தப் படிப்பு அவ்வளவுதான். அதுவும் ஒரு நாள் உதவியது, சொல்கிறேன்.

அக்கா கறுப்பு. அம்மாவும் கறுப்பு, அப்பாவும் கறுப்பு. நான் அடுப்பங்கரைப் பக்கம் நின்றால் சட்டையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், வெள்ளையாக இருந்தது சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்றுதான். அதுவும் மழைக்கு முகம் கறுத்துப் போகும். அதுவரைக்கும் இது யாருக்கும் ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை. அக்கா சிரித்தால் பக்கத்து லயத்துப் பையன்கள் வாளியைக் கீழே போட்டுவிடுவார்கள் என்பதுதான் விஷயமாக இருந்தது.

அந்த வருஷம் வரக்காப்பொலையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கிற குடும்பம். அவர்களுடைய தாத்தாவும் எங்கள் தாத்தா மாதிரி இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்தான். ஆனால் தோட்டத்தை விட்டு இறங்கிக் கடை போட்டுவிட்டதால், எங்களைப் பார்க்கும்போது மட்டும் அந்தக் கப்பல் அவர்களுக்கு மறந்துபோகும். மாப்பிள்ளை நல்ல மாதிரி, பாவம். அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்த பலகாரத்தைக் கடிக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மாதான் அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டு, தாடையைப் பிடித்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பஜாரில் துணி வாங்குகிறவர்கள் சாயம் போகுமா என்று பார்க்கிற மாதிரி.

"பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கு. கலருதான் கொஞ்சம் மட்டு," என்றார். "அதுக்கென்ன, வெயில்ல வேல செய்ற புள்ள. தைக்கு இன்னும் நாளு இருக்கே, அதுக்குள்ள தெளிஞ்சிருவா. கடையில வந்து ஒக்கார வேண்டியவ பாருங்க."

அப்பா பெரிய சலுகை கிடைத்தது போல் தலையை ஆட்டினார். அன்றைக்கே ஒரு மோதிரத்தைப் போட்டு நிச்சயம் பண்ணிவிட்டுப் போனார்கள். தையில் கல்யாணம். அதற்குள் அக்கா தெளிய வேண்டும். ஆற்றுத் தண்ணீர் மாதிரி. கல்யாணத்துக்கு எனக்கு முதல் முறையாக நீளக் காற்சட்டை தைத்துத் தருவதாக அப்பா சொன்னதால் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

இந்த இடத்தில்தான் மாமா வருகிறார். அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு ஃபேன்சி கடையில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். வரும்போது வாசனையும் ஒரு பையும் கூடவே வரும். பையில் சீப்பு, வளையல், கண்மை, இப்படி ஏதாவது இருக்கும். லயத்துப் பெண்கள் எங்கள் வாசலில் கூடிவிடுவார்கள். மாமா எல்லோருக்கும் முறை வைத்துப் பேசுவார். எதை வாங்க வந்தார்களோ அதைத் தவிர இன்னும் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். அம்மா விஷயத்தைச் சொன்னதும் மாமா பையின் அடியில் கைவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். வெள்ளை மூடி. அதன்மேல் ஒரு பெண்ணின் முகம், பாதி கறுப்பு, பாதி வெள்ளை. சுற்றிலும் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து.

"இது எந்த ஊர்ல செஞ்சதுடா?" என்று அம்மா கேட்டார்.

"ஜப்பான்க்கா."

அடுத்த மாதம் அதே டப்பா துபாயில் செய்யப்பட்டது. அதற்கடுத்த மாதம் தாய்லாந்து. நான் இதைச் சுட்டிக் காட்டியபோது மாமா என் காதைத் திருகி, "கம்பெனிக்கு எல்லா ஊர்லயும் கெளை இருக்குடா, மக்கு," என்றார்.

அதை விடுங்கள். பூசுகிற முறையைச் சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

"ராவைக்குப் படுக்க முன்னுக்குப் பூசணும். பூசுறதுக்கு முன்னாடி மோதிரம், மூக்குத்தி, தோடு எல்லாத்தையும் கழட்டி வச்சிரணும். தங்கம் படவே கூடாது."

"ஏண்டா அப்படி?"

"அது அப்படித்தான்க்கா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மொறை இருக்குல்ல. தங்கம் பட்டா கிறீமோட பவர் போயிரும்."

மாமா வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை 'தங்கம் படக்கூடாது' என்பதுதான். அதையும் பொய் மாதிரி சொன்னார். கடையில் யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எதற்காக என்று அவரும் கேட்டிருக்க மாட்டார்.

அம்மா கேட்டாரா? கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் காவடி எடுப்பவர்களுக்கும் தீ மிதிப்பவர்களுக்கும் ஆயிரம் முறை உண்டு. கழற்று, கட்டு, தொடாதே, சாப்பிடாதே. எந்தக் காரியத்துக்குக் கஷ்டமான முறை இருக்கிறதோ அந்தக் காரியத்துக்குச் சக்தி இருக்கிறது என்று நம்பி வளர்ந்தவர்கள். ஆகவே அம்மாவுக்குக் கிறீம் மேல் மரியாதை கூடிவிட்டது. குளித்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று அவராகவே ஒரு முறையைச் சேர்த்தார். வெள்ளிக்கிழமை கருவாடு தின்றால் பூசக்கூடாது என்று இன்னொன்று. டப்பா முருகன் படத்துக்குப் பக்கத்தில் குடியேறியது. விஷத்துக்கு விளக்குப் போட்ட ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அப்பாவையும் சும்மா விடக்கூடாது. எங்கள் ஸ்டோரில் வெள்ளை வெளேரென்ற ரப்பர் தகடு செய்வார்கள். பால் உறைவதற்கு முன் அதில் வெளுப்பு மருந்து கலக்க வேண்டும். வெள்ளையாக வந்தால்தான் அந்தத் தகட்டுக்கு விலை. அந்த மருந்தை அளந்து ஊற்றுவது அப்பாவின் வேலை. மருந்து கொஞ்சம் கூடிவிட்டால் ரப்பர் பலமிழந்து கையில் பிசுபிசுவென்று ஒட்டும் என்று அவரே எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மருந்து கேனை நான் ஒரு தடவை தொட்டதற்கு முதுகில் ஐந்து விரலும் பதிந்தது. அப்படிப்பட்ட மனிதர், தன் மகளின் முகத்தில் என்ன மருந்து ஏறுகிறது, எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரப்பருக்குத் துரை கணக்குக் கேட்பார். மகளுக்கு யார் கேட்பது?

கிறீம் வேலை செய்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும், வேலை செய்யாமல் இருந்திருந்தால் நல்லது. பதினைந்து இருபது நாளில், இரண்டு மூன்று கிழமைக்குள், அக்காவின் முகம் வெளுக்கத் தொடங்கியது. கழுத்துக்குக் கீழே பழைய அக்கா, கழுத்துக்கு மேலே யாரோ. நான் பக்கத்தில் போய், "ஐயோ, இது யாரு தலை, மாத்தி வச்சிட்டாங்களே," என்று சொல்வேன். அக்கா விறகுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு துரத்துவாள். ஆனால் துரத்தும்போது சிரித்துக்கொண்டே துரத்துவாள். அவளுக்கு அது பாராட்டு.

நடுவில் டப்பா தீர்ந்துபோய், மாமா வரத் தாமதமாகிவிட்டது. பூசாமல் விட்ட சில நாளிலேயே முகம் செக்கச்செவேலென்று ஆகி எரிந்தது. வெயில் பட்டால் தணல் பட்ட மாதிரி துடித்தாள். மாமா வந்து பார்த்துவிட்டு, "உள்ள இருக்க அழுக்கு வெளிய வருதுக்கா. விடாமப் பூசணும்னு அதுக்குத்தானே சொல்றேன்," என்று புது டப்பாவைத் திறந்தார். பூசியதும் எரிச்சல் அடங்கியது. எரிய வைத்ததும் அதுதான், அணைத்ததும் அதுதான். இதைவிடத் திறமான வியாபாரம் வேறு என்ன இருக்கிறது?

இனி மோதிரம். அக்கா பால்வெட்டுக்குப் போகும்போது மோதிரத்தைப் போட மாட்டாள். ரப்பர் பால் ஒட்டிக்கொள்ளும் என்று தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவாள். எனக்கு ஒரே அரிப்பு. தங்கம் பட்டால் கிறீமின் பவர் போகும் என்றால், போவதை எப்படிப் பார்ப்பது? சத்தம் கேட்குமா? புகை வருமா? பழைய டப்பாவில் வழித்தெடுத்தால் இன்னும் கொஞ்சம் இருந்தது. மோதிரத்தை அதற்குள் புதைத்து மூடியைத் திருகி, கூரைத் தகரத்துக்கு அடியில் செருகினேன். அந்தக் கிழமை ஆற்றங்கரையில் கிரிக்கெட் மும்முரம். மோதிரத்தைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வருவதாகச் சொல்லியனுப்பினார். மோதிரத்தைத் தேடினார்கள். பெட்டி தலைகீழாகியது. அம்மா அழத் தொடங்கியதும்தான் எனக்கு ஞாபகம் வந்து கூரையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். துடைத்துப் பார்த்தால் மோதிரம் இருந்தது, தங்கத்தைத்தான் காணவில்லை. மஞ்சள் நிறம் போய், திட்டுத் திட்டாக வெள்ளி மாதிரி, ஈயம் மாதிரி பல்லைக் காட்டியது.

அப்பா இடுப்பு வாரை உருவினார். அன்றைக்கு வாங்கிய அடி இன்றைக்கும் மழைக்காலத்தில் கணக்குச் சொல்லும். அம்மா தடுக்கவில்லை. "தங்கத்தை நாசமாக்கிட்டானே, தங்கத்தை நாசமாக்கிட்டானே," என்று தலையிலடித்துக்கொண்டார். சரி, தங்கத்தை இப்படி ஆக்குகிற சாமான் தோலை என்ன ஆக்கும் என்று அந்த வீட்டில் ஒரு வாய் கேட்டதா? தங்கத்துக்காக நான் அடி வாங்கினேன். அக்காவின் முகத்துக்காக இன்றுவரை ஒருவனும் வாங்கவில்லை.

அக்கா மட்டும் மோதிரத்தைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அடி வாங்கி விம்மிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரகசியமாகச் சொன்னாள்: "பாருடா. தங்கத்தையே வெள்ளையாக்கிருச்சு. நானெல்லாம் எம்மாத்திரம்."

மாப்பிள்ளையின் அம்மா வந்தபோது அக்காவின் விரலில் துணிக்கட்டு. ரப்பர் கத்தி பட்டுவிட்டது என்று அம்மா சொன்னார். "கை பத்திரம்மா," என்றார் அவர். பிறகு தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். முகம் முழுக்கத் திருப்தி. "நா சொல்லல? எப்படித் தெளிஞ்சு வந்திருக்கா பாருங்க."

மறுநாள் அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு பஜாருக்குப் போனார். பத்தர் மோதிரத்தை உரசிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"ரசம் ஏறியிருக்குங்க. பாதரசம். எதுல போட்டீங்க?"

"பொம்பளைங்க மூஞ்சிக்குப் பூசுற கிறீமுங்க. இந்த நாயி அதுக்குள்ள போட்டுருச்சு."

பத்தர் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார். என்னவோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. மோதிரத்தைக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் நெருப்பில் காட்டினார். எட்டிப் பார்த்த என்னைக் கையால் தள்ளினார்.

"தம்பி, அந்தப் பக்கம் போ. இந்தப் பொகை ஒடம்புக்கு ஆகாது."

அவரும் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நின்றார். பிறகு தேய்த்து மெருகேற்றி அப்பாவின் கையில் வைத்தார். "மோதிரத்துக்கு ஒண்ணும் இல்லீங்க. பயப்படாமக் கொண்டு போங்க."

அப்பாவுக்கு உயிர் வந்தது. சந்தோஷத்தில் எனக்குப் பேக்கரியில் ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன். அந்த மாதம் மாமா வந்தபோது விஷயத்தைக் கேட்டுவிட்டு, குற்றவாளி போல் நெளிவார் என்று பார்த்தால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அதுக்குத்தானே தங்கத்தைக் கழட்டச் சொன்னேன். சொன்னதைக் கேட்டா ஏன் இப்படி ஆகுது?" என்றார். எல்லோரும் மறுபடி என்னைத்தான் முறைத்தார்கள். புதிய டப்பா முருகனுக்குப் பக்கத்தில் போனது.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம் அக்காவின் முகம் உப்ப ஆரம்பித்தது. காலையில் கண் இரண்டும் வீங்கி, கன்னம் பளபளவென்று இருக்கும். லயத்தில் எல்லோருக்கும் ஆனந்தம். "கல்யாணக் களை வந்திருச்சு" என்றார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த தரகர், "கன்னம் வச்சு அம்சமா இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். பிறகு கால் வீங்கியது. செருப்புக்குள் பாதம் போகவில்லை. வளையல் கையில் இறுகியது. ஒண்ணுக்குப் போனால் நுரை நுரையாகப் போகிறது என்று அக்கா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கல்யாணக் களை காலிலும் வருமா என்று நான் கேட்டேன். அம்மா கரண்டியை எறிந்தார்.

ஒரு நாள் காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு, போகிற வழியில் அக்கா வாளியோடு உட்கார்ந்துவிட்டாள். எழும்ப முடியவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் கால் வீக்கத்தை விரலால் அமுக்கினார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. அவர் உடனே துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து, தோட்டத்து வண்டியில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

அக்கா அங்கே கிழமைக்கணக்கில் கிடந்தாள். சிறுநீரில் சத்தெல்லாம் போகிறது, கிட்னிதான் பழுது என்று கண்டுபிடித்தார்கள். ஏன் பழுது என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை. சீனி வியாதியும் இல்லை, பிரஷரும் இல்லை. அக்காவுக்கும் அம்மாவுக்கும் பஜார் அளவுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் டொக்டர் நோனா, அதாவது டொக்டரம்மா, முன்னால் அது வாயிலிருந்து வராது. ஆகவே பகல் பார்வை நேரத்தில் போகும்போதெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பு. ஆற்றங்கரைப் படிப்பு.

அந்த டொக்டர் சின்ன வயசுப் பெண். சோர்ந்த முகம், நல்ல குரல். ஒரு நாள் கட்டிலருகே நின்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார்: அக்கா ஏதாவது நாட்டு மருந்து குடித்தாளா, கஷாயம், மாத்திரை, உடம்பில் பூசுகிற ஏதாவது? நான் தமிழில் கேட்டேன். அப்பாவும் மாமாவும் அன்று வந்திருந்தார்கள். அம்மா பதில் சொல்வதற்கு முன் மாமா அவர் காதுக்கருகில் குனிந்தார்.

"கிறீமப் பத்தி வாயத் தொறக்காதக்கா. இங்க வரக்காப்பொல ஆளுங்க எல்லாம் வந்து போறாங்க. பூச்சுக் கலருன்னு தெரிஞ்சா கல்யாணம் அவ்ளோதான்."

அம்மா என்னைப் பார்த்து, "ஒண்ணும் பாவிக்கலன்னு சொல்லுடா," என்றார்.

நான் சொல்லவில்லை. டொக்டர் கட்டிலில் தொங்கிய ஏட்டைப் புரட்டிவிட்டு, அப்படியென்றால் முதுகுப் பக்கம் ஊசி குத்தி கிட்னியிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்துப் பார்க்க வேண்டும், எல்லோரும் வெளியே இருங்கள் என்றார். துண்டு எடுப்பது என்றதும் எனக்கு இறைச்சிக் கடைதான் ஞாபகம் வந்தது. அதுவும் அக்காவிடமிருந்து.

"மூணட்ட கிறீம் கானவா டொக்டர்," என்றேன். "சுது வென்ன."

முகத்துக்குக் கிறீம் பூசுகிறாள், வெள்ளையாவதற்காக. கிறீம் என்ற சொல் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. மாமா என் தோளில் நகத்தைப் பதித்தார். டொக்டர் அதைப் பார்த்துவிட்டார். அவரை வெளியே போகச் சொன்னார், மரியாதையே இல்லாமல். அவ்வளவு அழகான சிங்களத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எங்கே அந்தக் கிறீம் என்று கேட்டார். தோட்டத்துக்குப் போய் எடுத்து வர வேண்டியதில்லை. அக்காவின் தலையணைக்கு அடியிலேயே இருந்தது. வார்டில் விளக்கு அணைந்த பிறகும் பூசியிருக்கிறாள். டொக்டர் டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என்ன கலந்திருக்கிறது என்று எழுதவில்லை, யார் செய்தது என்று எழுதவில்லை, எப்போது கெட்டுப்போகும் என்று எழுதவில்லை. "வாசிக்க முடியாததை ஏன் முகத்தில் பூசினீர்கள்?" என்று கேட்டார். நான் அதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. எதற்கு, நாங்கள் வாசிக்க முடியாததுதானே உலகத்தில் நிறைய.

பிறகு மெதுவாக விளக்கினார். பாதரசம் இருந்தால் தோலில் நிறம் ஊறுவதை அது தடுக்கும், அதனால் வெளுக்கும். ஆனால் தோலோடு நிற்காது, ரத்தத்தில் இறங்கி கிட்னியைப் பிடிக்கும். இந்த மாதிரிப் பேரில்லாத டப்பாக்களில் ஸ்டீரொய்ட் மருந்தையும் கலப்பார்கள், அதனால்தான் நிறுத்தினால் முகம் சிவந்து எரிவது, தோலும் மெலிந்துபோகும். அதில் இருப்பதைச் சோதித்துப் பார்க்க அனுப்புவதாகவும் சொன்னார். நான் பாதரசம் என்ற இடத்துக்கு வந்ததும், அதுவரை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா நிமிர்ந்தார்.

"பத்தர் சொன்னாரு," என்றார், யாரிடமோ. "ரசம்னு சொன்னாருல்ல."

ஆமாம், சொன்னார். அப்பாவுக்குச் சொன்னார், அப்பா அம்மாவுக்குச் சொன்னார், அம்மா மாமாவுக்குச் சொன்னார். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் ஏறி இறங்கியது. ஒருவர் வாயிலும் நிற்கவில்லை.

பூசுவதை நிறுத்திவிட்டால் கிட்னி மெல்ல மெல்லத் தேறலாம், இன்னும் காலம் கடக்கவில்லை என்றார் டொக்டர். நிறமும் பழையபடி வந்துவிடும் என்றார். அதை நல்ல செய்தி போலத்தான் சொன்னார். தேறினாள்தான், மாதக்கணக்காயிற்று. கன்னத்து எலும்பில் கறுப்புத் திட்டு இரண்டு நின்றுவிட்டது. வரக்காப்பொலைக்காரர்கள் 'கிட்னி வியாதிக்காரி' என்று காரணம் சொல்லித் தரகரை அனுப்பி முடித்துக்கொண்டார்கள். நிறம் என்ற பேச்சையே எடுக்கவில்லை, அவ்வளவு நாகரிகமானவர்கள். அந்த வியாதி யார் வாயிலிருந்து தொடங்கியது என்று தரகரிடம் சொல்லி அனுப்ப நான் துடித்தேன், சின்னப் பையன் பேச்சை யார் சுமந்து போவார்கள்? மாமா சில மாதம் வரவில்லை. இப்போது மூலிகை என்று சொல்லி விற்கிறாராம். வேறு தோட்டங்களில்.

இதெல்லாம் எனக்குப் பிறகு விளங்கியது, விளங்க விளங்கக் கோபம் வந்தது. அன்றைக்குக் கட்டிலருகே நடந்த ஒன்றுதான் எனக்கு அன்று விளங்கவேயில்லை.

டொக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்து டப்பாவைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதுவரை படுத்திருந்த அக்கா, வீங்கிய கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். டொக்டரைப் பார்க்கவில்லை, அந்தப் பையைத்தான் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், டொக்டர் நோனாகிட்ட ஒண்ணு கேளு. கல்யாணம் தையில. அது வரைக்கும் மட்டும் பூசிக்கிட்டு, தாலி ஏறுன அன்னைக்கே விட்டுர்றேன். அது வரைக்கும் கிட்னி தாங்குமான்னு கேளு."

நியாயமான கேள்வியாகத்தான் எனக்குப் பட்டது. டொக்டர் நிறுத்தச் சொல்கிறார், அக்கா நிறுத்துகிறேன் என்கிறாள், கொஞ்சம் தவணைதானே கேட்கிறாள். எனக்கு நீளக் காற்சட்டையும் கிடைத்துவிடும். அம்மாவும் பதிலுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். தெரிந்த மரியாதைச் சொற்களையெல்லாம் போட்டு, ஒன்றுவிடாமல் சிங்களத்தில் கேட்டேன்.

டொக்டர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. என் சிங்களத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்தேன். அதனால் இன்னொரு தடவை, நிதானமாக, அந்த வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டேன்.